ஓவர்டைமுக்குக் கையில் காசா, கணக்கில் விடுப்பா?

அமெரிக்காவில் நகராட்சியிலோ, நம் மாவட்டம் போன்ற கவுண்டியிலோ மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் நாள் நீட்டப்படும் காகிதக் கட்டில், மருத்துவக் காப்பீட்டுப் படிவத்துக்கும் பார்க்கிங் அனுமதிக்கும் நடுவே ஒரு தாள் இருக்கலாம். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்குப் பணத்துக்குப் பதிலாக விடுப்பு பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று நாலு வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. படிக்காமலே பலர் போட்டுவிடும் கையெழுத்து அது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் காசையே வாங்குங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் யாருக்கு எது கிடைக்கும் என்பது. 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரநிலைச் சட்டம்தான் அடிப்படை. வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி, அதுவும் வழக்கமான சம்பள நாளில், பணமாக. 1985-இல் கார்சியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இந்தச் சட்டம் மாநில, உள்ளாட்சி அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. பட்ஜெட் தாங்காது என்று நகராட்சிகள் அலறின. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அரசு அமைப்புகள் மட்டும் ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு ஒன்றரை மணி நேரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தரலாம் என்று வழிவிட்டது. இதைத்தான் காம்ப் டைம் என்கிறார்கள். தொழிலாளியின் வசதிக்காக வந்த ஏற்பாடு அல்ல, நகராட்சிக் கஜானாவுக்காக வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும்.

தனியார் நிறுவனத்தில் ஓவர்டைம் உரிமை உள்ளவருக்குக் காம்ப் டைம் தருவது இன்றும் சட்டவிரோதம். "இந்த வாரம் கூடுதலாக உழைத்தாய், அடுத்த மாதம் ஒரு நாள் எடுத்துக்கொள்" என்று மேலாளர் அன்பாகச் சொன்னாலும், நீங்களே விரும்பிக் கேட்டாலும், அந்த ஓவர்டைம் பணம் பாக்கியாகவே நிற்கும். வழக்கு என்று போனால் பாக்கியும், அதே அளவு இழப்பீடும் சேரலாம். ஆனால் காலக்கெடு 2 ஆண்டு. வேண்டுமென்றே மீறியதாக நிரூபித்தால் 3.

ஓவர்டைம் உரிமையே இல்லாத சம்பளக்காரர்களுக்கு இந்த அலசல் பொருந்தாது. வாரம் 684 டாலருக்குக் குறையாத நிலையான சம்பளமும், சட்டம் சொல்லும் வகை நிர்வாக, தொழில்முறைப் பணியும் இருந்தால் விலக்கு. கணினித் துறையில் மணிக்கு 27.63 டாலர் என்று தனி வரம்பும் உண்டு. அவர்களுக்கு மேலாளர் தரும் ஈட்டு விடுப்பு வெறும் நல்லெண்ணம். வந்தால் லாபம். காவல், தீயணைப்புத் துறைகளில் 28 நாள் வரை நீளும் தனிச் சுழற்சிக் கணக்கு இருப்பதால், கீழே வரும் 40 மணி நேரக் கணக்கை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எண்களில் இரண்டும் ஒன்றுதான். மணிக்கு 24 டாலர் வாங்குகிறவர் 10 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் காசாக 360 டாலர். விடுப்பாக 15 மணி நேரம், அதன் மதிப்பும் 360. ஒரு விஷயத்தில் விடுப்பு ஜெயிக்கும்: இடையில் சம்பளம் 26 ஆக உயர்ந்தால் அதே 15 மணி நேரம் 390 டாலர் பெறும். வேலையை விட்டுப் போகும்போதும், கடைசிச் சம்பள விகிதம் அல்லது கடைசி 3 ஆண்டுச் சராசரி, இரண்டில் எது அதிகமோ அதில் கணக்குத் தீர்க்க வேண்டும். ஆண்டு விடுப்பு அதிகம் சேராத புதியவருக்கும் இது ஒரு கைத்தாங்கல். வரியில் காசுக்கு இப்போது ஒரு சிறு சலுகை: 2025 முதல் 2028 வரை, ஓவர்டைமில் அந்த 'அரை' மடங்குப் பகுதியை மட்டும், ஒருவருக்கு ஆண்டுக்கு 12,500 டாலர் வரை, வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். மேலே சொன்ன 360-இல் அது 120. சமூகப் பாதுகாப்பு வரிப் பிடித்தம் அப்படியேதான் இருக்கும். இதற்காக மட்டும் யாரும் முடிவை மாற்றத் தேவையில்லை.

முடிவு செய்வது வேறொன்று: அந்த விடுப்பை எந்தத் தேதியில் எடுப்பது என்று யார் சொல்வது?

சட்டத்தின் சொற்கள் கேட்க இனிமையானவை. ஊழியர் விண்ணப்பித்தால், 'நியாயமான கால அளவுக்குள்' விடுப்பைத் தர வேண்டும். அது பணிக்கு 'மிதமிஞ்சிய இடையூறு' விளைவித்தால் மட்டும் மறுக்கலாம். வெறும் அசௌகரியம் போதாது என்று மத்திய அரசின் தொழிலாளர் துறை விதிமுறையும் சொல்கிறது. சிக்கல் 'நியாயமான கால அளவு' என்பதில். ஜூன் 12, வெள்ளிக்கிழமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். நிர்வாகம் அந்த வெள்ளிக்கிழமையைத் தர வேண்டுமா, அல்லது அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாளைத் தந்தால் போதுமா?

இதில், சில மாநிலங்களுக்கு ஒன்றாக 'வட்டம்' என்ற பெயரில் இயங்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களே பிரிந்து நிற்கின்றன. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பியை உள்ளடக்கிய ஐந்தாவது வட்டம், ஹூஸ்டன் காவலர் சங்க வழக்கில் 2003-இல், குறிப்பிட்ட தேதியைத் தரத் தேவையில்லை, நியாயமான காலத்துக்குள் ஏதோ ஒரு நாள் தந்தால் போதும் என்றது. கலிபோர்னியா அடங்கும் ஒன்பதாவது வட்டமும் 2004-இல் சாக்ரமெண்டோ கவுண்டி வழக்கில் அதே வழியில் போனது. ஒஹாயோ அடங்கும் ஆறாவது வட்டமோ அதே 2004-இல் கிளீவ்லாந்து வழக்கில், மாற்று ஆள் போடுவதற்குச் செலவாகும் என்பது மட்டும் மறுக்கப் போதிய காரணமல்ல என்றது. இல்லினாய், இந்தியானா, விஸ்கான்சினுக்கான ஏழாவது வட்டம் 2009-இல் சிகாகோ காவலர் வழக்கில் ஊழியர் கேட்ட தேதியை முன்வைத்தே இடையூறு உண்டா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆக, அதே 15 மணி நேர விடுப்பு சிகாகோவில் ஒரு பொருள், ஹூஸ்டனில் வேறு பொருள். காசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த ஊரிலும் 360 டாலர் 360 டாலர்தான்.

கேட்ட நாளில் கிடைக்காமல் போவது பாதிக் கதை. கேட்காத நாளில் திணிக்கப்படுவது மீதி. டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் துணை ஷெரிஃபுகளின், அதாவது கவுண்டிக் காவலர்களின், விடுப்புக் கணக்கு உச்ச வரம்பை நெருங்க, பணமாகக் கொடுக்க நேருமே என்று நிர்வாகம் அவர்களைக் கட்டாயமாக விடுப்பில் அனுப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000-இல் 6-க்கு 3 என்று கவுண்டியின் பக்கம் தீர்ந்தது. சட்டத்தில் தடை இல்லாததால் நிர்வாகம் அப்படிச் செய்யலாம். இதன் நடைமுறை விளைவு: பனிக்காலப் புயலில் நீங்கள் பனி உருகச் சாலையில் உப்புப் போட்டு ஈட்டிய மணி நேரங்களை, வேலை மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமையில், "நாளை வர வேண்டாம்" என்ற ஒரு குறுஞ்செய்தியில் கரைத்துவிடலாம். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி, துணைக்கு வேலை. வீட்டில் தனியாகத் துணி மடிக்கலாம். ஒன்றரை மடங்கு தந்தாயிற்று என்று ஏடு சொல்லும்.

இதோடு இன்னொரு நுணுக்கம். எடுத்த விடுப்பு மணி நேரம் 'வேலை செய்த' நேரமாக எண்ணப்படாது. திங்கள் 8 மணி நேரம் காம்ப் டைமில் போய்விட்டு, செவ்வாய் முதல் சனி வரை 40 மணி நேரம் வேலை பார்த்தால், சம்பளச் சீட்டில் 48 மணி நேரம் இருக்கும், ஓவர்டைம் பூஜ்யம். திங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்திருந்தால் குறையில்லை. அவர்கள் உங்களைத் திங்கள் வீட்டில் வைத்து சனிக்கிழமை கூப்பிட்டிருந்தால், வர வேண்டிய ஓவர்டைமை உங்கள் சேமிப்பை வைத்தே அடைத்துவிட்டார்கள்.

அதுவரை அந்தப் பணம் எங்கே இருந்தது? நிர்வாகத்திடம், வட்டியில்லாமல். பொதுவான அரசு ஊழியருக்கு உச்ச வரம்பு 240 மணி நேர விடுப்பு, அதாவது 160 மணி நேர உண்மையான ஓவர்டைம். 24 டாலர் விகிதத்தில் 5,760 டாலர். பொதுப் பாதுகாப்பு, அவசர சேவை, பருவகாலப் பணிகளுக்கு 480, அது 11,520. வரம்பைத் தாண்டிய ஓவர்டைமைக் காசாகத்தான் தர வேண்டும். கணக்கில் சேர்ந்ததை 'இந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் காலாவதி' என்று அழிக்க முடியாது; எடுக்கச் சொல்லலாம், இல்லையேல் பணமாகத் தீர்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு விதி வேறு: மணிக்கு மணி என்ற கணக்கு, 26 சம்பளக் காலத்துக்குள், அதாவது சுமார் ஓராண்டுக்குள், எடுக்க வேண்டும். ஓவர்டைம் உரிமை உள்ளவருக்கு எடுக்காததை ஓவர்டைம் விகிதத்தில் தருவார்கள். விலக்குப் பெற்ற பதவிக்காரர் இழக்கவும் கூடும்.

இந்த ஏற்பாட்டைத் தனியாருக்கும் விரிக்க வேண்டும் என்பது குடியரசுக் கட்சியினரின் நெடுநாள் முயற்சி. உழைக்கும் குடும்பங்களின் நெகிழ்வுச் சட்டம் என்ற பெயரில் 2013-இலும், 2017 மே 2 அன்று 229-க்கு 197 என்றும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் தேறவில்லை. பிறகும் கொண்டுவந்து பார்த்தார்கள். 2017 வரைவை நியாயமாகப் படித்தால், அரசு ஊழியருக்கான சட்டத்தைவிடச் சில இடங்களில் நல்லது. வரம்பு 160 மணி நேரம். எழுத்து மூல சம்மதம் இல்லாமல் கூடாது; வேலை தருவதற்கு அதை நிபந்தனையாக்கவும் கூடாது. விடுப்பை எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆகவே ஹாரிஸ் கவுண்டி வித்தை அங்கே செல்லாது. மனம் மாறினால் எழுதிக் கொடுத்து 30 நாளில் பணமாக வாங்கிக்கொள்ளலாம். எடுக்காதது ஆண்டு முடிந்து ஜனவரி 31-க்குள் பணமாக வர வேண்டும்.

ஆனால் முக்கியமான இடத்தில் அதே பழைய சொற்கள்: நியாயமான காலம், மிதமிஞ்சிய இடையூறு. தேதியின் சாவி இங்கேயும் முதலாளி கையில். அதோடு, கவுண்டி இழுத்து மூடப்படுவது அபூர்வம். தனியார் கடை அப்படியல்ல. நிறுவனம் திவாலானால், மனு போட்ட நாளுக்கு முந்தைய 180 நாளில் ஈட்டிய கூலிக்கே முன்னுரிமை, அதுவும் 17,150 டாலர் வரை. பிப்ரவரியில் பார்த்த ஓவர்டைமை விடுப்பாக வைத்திருந்து, நவம்பரில் நிறுவனம் மனு போட்டால், அந்த மணி நேரங்கள் மற்றக் கடன்காரர்களோடு வரிசையின் கடைசியில் நிற்கும். வாங்கிய காசுக்கு இந்த வரிசையே கிடையாது. சம்மதம் 'தன்னிச்சையானது' என்பதும் தாளில் இருக்கும் அளவுக்கு ஷிப்ட் அட்டவணையில் இருப்பதில்லை. ஓவர்டைம் யாருக்குத் தருவது என்று தீர்மானிப்பவரே, காசு கேட்பவர் யார், விடுப்புக்குச் சம்மதித்தவர் யார் என்ற பட்டியலையும் வைத்திருப்பார்.

தனியாரில் இருந்துகொண்டு நேரம்தான் வேண்டும் என்றால், சட்டத்துக்கு உட்பட்ட சிறு வழி இப்போதே இருக்கிறது: ஒரே சம்பளக் காலத்துக்குள் ஈடு கட்டுவது. இரண்டு வாரச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் 44 மணி நேரம்; கூடுதல் 4 மணி நேரத்துக்கு 6 மணி நேரம் ஈடு. இரண்டாம் வாரம் 34 மணி நேரம் வேலை. முதல் வாரத்துக்கு 46 மணி நேரக் கூலி, இரண்டாம் வாரத்துக்கு 34, ஆக வழக்கமான 80. இரண்டாம் வாரத்தில் 4 மணி நேரம் மட்டும் விட்டுவிட்டு 'சரியாகிவிட்டது' என்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சம்பளக் காலம் தாண்டிப் போனாலும் செல்லாது. கலிபோர்னியா போல நாளொன்றுக்கு 8 மணி நேரத்தைத் தாண்டினாலே ஓவர்டைம் என்று சொல்லும் மாநிலங்களில் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும்.

இனி அந்த விதிவிலக்கு. அரசுப் பணியில், சங்க ஒப்பந்தத்திலேயே தேதி விவகாரத்தை எழுதி வைத்திருந்தால் காம்ப் டைம் காசைவிட நல்லதாகவே இருக்கலாம். ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை இவை: விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டுமா, கட்டாய விடுப்புக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஊழியர் கேட்டால் பணமாக மாற்றித் தருவார்களா. கடைசியது சட்டத்தில் இல்லாத உரிமை, ஒப்பந்தத்தில் மட்டுமே கிடைக்கும். 'நியாயமான காலம்' எவ்வளவு என்று ஒப்பந்தமே சொல்லியிருந்தால் அந்த எண்ணையும் பாருங்கள். ஓராண்டு என்று போட்டிருந்தால் அது உங்களுக்குச் சாதகமான எண் அல்ல.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் அடுத்த சம்பளச் சீட்டில் ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டும். 6 மணி நேர ஓவர்டைமுக்கு எதிரே விடுப்புக் கணக்கில் 9 ஏறியிருக்க வேண்டும். 6 என்று மட்டும் இருந்தால் 3 மணி நேரம் விழுங்கப்பட்டிருக்கிறது. ஈட்டியது, எடுத்தது, பணமாகத் தந்தது என மூன்றையும் நிர்வாகம் பதிவேட்டில் வைத்திருக்கக் கடமைப்பட்டது, நகல் கேளுங்கள். அந்தச் சம்மதத் தாளில் உள்ள தேதி உங்கள் முதல் ஓவர்டைம் வாரத்துக்குப் பிந்தியதாக இருந்தால், அந்த வாரத்துக்கு அது செல்லாது. அந்த மணி நேரங்களுக்குக் காசு கேட்கலாம்.