கருத்தரிப்பு மருத்துவ ஃபெலோஷிப்: பணம் கட்டும் முன் ஓர் எச்சரிக்கை

மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது அதற்கு இணையான, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. முடித்துவிட்டுக் கருத்தரிப்பு மருத்துவத்தில் மேற்பயிற்சி தேடிக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருநகரம் ஒன்றில் தலைமையகமும் பல மாவட்டங்களில் கிளைகளும் கொண்ட தனியார் கருத்தரிப்பு மருத்துவமனைக் குழுமம் ஒன்று, ஃபெலோஷிப் என்ற பெயரில் என்னிடம் ஆறு லட்சம் ரூபாயும் ஓராண்டுக்கு மேற்பட்ட உழைப்பும் பெற்றுக்கொண்டு, வாக்களித்த பயிற்சியைத் தராமல் ஏமாற்றியது. விவகாரம் இன்னும் முடியாததால், வழக்கறிஞரின் ஆலோசனைப்படி அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

இத்துறைக்குள் நுழைவதற்கான முறையான வழிகள் மிகக் குறுகலானவை. நீட் எஸ்.எஸ். என்ற உயர்சிறப்புப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வெழுதி மூன்றாண்டு எம்.சிஎச். படிப்பில் சேரலாம், தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் எஃப்.இ.டி. என்ற ஃபெலோஷிப் நுழைவுத் தேர்வெழுதி, தரவரிசைப்படி நடக்கும் கலந்தாய்வில் எஃப்.என்.பி. எனப்படும் வாரியத்தின் இரண்டாண்டு ஃபெலோஷிப்பில் இடம் பெறலாம். கர்நாடகம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களின் சுகாதாரப் பல்கலைக்கழகங்களும், தாங்கள் ஒப்புதல் அளித்த மையங்களில் ஃபெலோஷிப் படிப்புகளை நடத்துகின்றன. எல்லாவற்றிலும் இடங்கள் சொற்பம், விரும்புவோர் ஏராளம். அந்த ஆண்டு எஃப்.இ.டி.யில் என் தரவரிசைக்கு இடம் கிடைக்கவில்லை. கலந்தாய்வு முடிந்த அதே வாரத்தில் இந்தக் குழுமத்தின் விளம்பரம் எங்கள் மருத்துவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது தற்செயல் அல்ல என்பதை இப்போது உணர்கிறேன். இடம் கிடைக்காதவர்கள் யார், எப்போது மனம் தளர்ந்திருப்பார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விளம்பரத்தில் "தேசியத் தேர்வு வாரிய அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அது பொய் அல்ல. ஆனால் அந்த அங்கீகாரம் மகப்பேறு மருத்துவ டி.என்.பி. படிப்புக்கு உரியது, கருத்தரிப்பு மருத்துவ எஃப்.என்.பி.க்கு உரியது அன்று. வாரியம் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகவே அங்கீகாரம் அளிக்கிறது என்பதைத் தெரிந்தே, ஒரு துறையின் அங்கீகாரத்தை இன்னொன்றின் நெற்றியில் ஒட்டியிருந்தார்கள். சான்றிதழை யார் தருவார்கள் என்று நேர்காணலிலேயே கேட்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது, அதற்குள் உங்கள் பயிற்சியும் முடிந்துவிடும் என்றார்கள். இதையே மின்னஞ்சலில் கேட்டபோது மட்டும் எழுத்தில் பதில் வரவில்லை; ஒவ்வொரு முறையும் தொலைபேசிதான் ஒலித்தது.

நேர்காணலை அவர்கள் நடத்திய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றின் உயிர்நாடியே அங்கேதான் இருந்தது. கூடம் நிறைய விண்ணப்பதாரர்கள், மூன்று மூத்த மருத்துவர்கள் கொண்ட குழு, பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள நோயாளிக்குச் சினைப்பையைத் தூண்டும் மருந்தை எந்த அளவில் தொடங்குவீர்கள், சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஓ.எச்.எஸ்.எஸ். வராமல் எப்படித் தடுப்பீர்கள் என்றெல்லாம் தரமான கேள்விகள். இரண்டே இடங்கள் என்றார்கள். மறுநாள் மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் அழைத்து, "கங்கிராட்ஸ் மேடம், செலக்ட் ஆயிட்டீங்க, ஆனா சாயங்காலத்துக்குள்ள ஃபீஸ் கட்டினாத்தான் சீட்டை ஹோல்டு பண்ண முடியும்" என்றார். பணியில் சேர்ந்த பிறகு, தலைமையகத்தில் நடந்த அறிமுகக் கூட்டத்தில் பார்த்தால், தேர்வான அந்த இருவர் பதினான்கு பேராக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு இடங்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. கடும் போட்டியில் வென்றதாக நம்பவைக்கப்படும் ஒருவர், கட்டணத்தைப் பற்றியும் சான்றிதழைப் பற்றியும் அதிகம் வாதாடத் தயங்குவார் என்பதே அந்தக் கூட்டத்துக்கும் குழுவுக்கும் ஆன செலவின் பொருள் என்று கருதுகிறேன்.

எஃப்.என்.பி. படிப்புக்கு அப்போது வாரியம் நிர்ணயித்திருந்த கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்தான். அங்கே பயிற்சியாளருக்கு உதவித்தொகையும் உண்டு. இங்கோ பதினெட்டு மாதங்களுக்கு ஆறு லட்சத்தை முன்பணமாகக் கட்டிய பிறகு, மாதந்தோறும் கையில் வந்தது ஒரு பணிமருத்துவரின் சம்பளத்தில் பாதிகூட இல்லை. சரிபார்ப்பு என்ற பெயரில் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். பட்டங்கள், மருத்துவ மன்றப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்களையும், தொகை எழுதாமல் கையெழுத்திட்ட இரண்டு காசோலைகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்வி நிறுவனங்களே மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்க, கல்வி நிறுவனமே அல்லாத ஒரு மருத்துவமனை எந்த உரிமையில் இதைச் செய்தது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

வேலை காலை ஆறரைக்கு, கருமுட்டைப் பைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனுடன் தொடங்கும். பிறகு வெளிநோயாளிகளின் வரலாறு எழுதுதல், ஒப்புதல் படிவங்களில் கையெழுத்து வாங்குதல், தம்பதியருக்குச் சிகிச்சைத் தொகுப்புகளின் விலையை விளக்குதல், வாரத்தில் சில இரவுகள் பிரசவ அறைப் பணி. ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றூர்த் திருமண மண்டபங்களில் நடக்கும் இலவச ஆலோசனை முகாம்களுக்கு எங்களை வேனில் ஏற்றிச் செல்வார்கள். மேடைப் பதாகையில் எங்கள் பெயர்களுக்குப் பின்னால், இன்னும் பெறாத ஃபெலோஷிப் அச்சாகியிருக்கும். உரிய தகுதி இல்லாதவர் தன்னைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்வது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி தவறு. நடவடிக்கை வந்தால் அது பதாகை அச்சடித்தவர் மீது வராது, எங்கள் பதிவு எண் மீதுதான் வரும். கருமுட்டை எடுக்கும் நாள்களில் நான் செய்ததெல்லாம், ஸ்கேன் புரோபுக்கு உறை மாட்டிக் கொடுப்பதும், ஊசி வழியே நீர் இறங்கும் குழாய்களை மாற்றி நீட்டுவதும், பக்கத்து ஆய்வக ஜன்னலில் எம்ப்ரியாலஜிஸ்ட் (கருவியல் வல்லுநர்) சொல்லும் எண்ணிக்கையைத் தாளில் குறிப்பதும் மட்டுமே. கருமுட்டையை உறிஞ்சி எடுக்கும் ஊசி என் கைக்கு வரவே இல்லை.

ஊசி கைக்கு வராதது ஏன் இவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் மட்டுமே இருந்த இத்துறைக்கு, 2021ஆம் ஆண்டில்தான் தனிச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2022இல் வெளியான விதிகள், கருத்தரிப்பு மையத்தின் மகப்பேறு மருத்துவர், பயிற்சி பெற்ற நிபுணரின் மேற்பார்வையில் ஐம்பது முறை கருமுட்டை எடுத்ததற்கான பதிவேட்டை வைத்திருப்பதை ஒரு தகுதியாகக் கேட்கின்றன. அதனால் சான்றிதழைவிடவும், லாக்புக் எனப்படும் அந்தப் பதிவேட்டின் மதிப்பு கூடிவிட்டது. எங்கள் லாக்புக்கில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன: பார்த்தது, உதவியது, தானே செய்தது. மூன்றாவது கட்டம் பக்கம் பக்கமாக வெறுமையாகவே இருந்தது.

எனக்கு முந்தைய அணியில் இருந்த ஓர் அக்கா ஒருநாள் உடை மாற்றும் அறையில், "லாக்புக்ல சைன் வாங்கிட்டியாம்மா? கடைசில அதை வச்சுத்தான் பேசுவாங்க" என்று மெல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. பதினைந்தாம் மாதத்தில் நிர்வாகம் அழைத்து, எந்தக் கிளைக்கு அனுப்பினாலும் இரண்டாண்டு பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால், ஐம்பது கருமுட்டை எடுப்புகளையும் நான் செய்ததாகப் பதிந்து கையெழுத்திட்டுத் தருவோம் என்றது. செய்யாததைச் செய்ததாக எழுதிக்கொண்டு, மயக்கத்தில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் சினைப்பையில் முதல் முறையாகத் தனியே ஊசி செலுத்த நான் உடன்படவில்லை. மறுத்த உடனே, பாதியில் விலகினால் பயிற்சிச் செலவாகப் பத்து லட்சம் கட்ட வேண்டும் என்று காசோலைகளை நினைவூட்டினார்கள்.

வழக்கறிஞர் முதலில் செய்தது, வங்கியில் அந்தக் காசோலைகளுக்குப் பணம் தருவதை நிறுத்தச் சொன்னதும், அதன் காரணத்தை எழுத்தில் மருத்துவமனைக்குத் தெரிவித்ததும்தான். ஒப்பந்தத்தில் பெரிய தொகை எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டை மட்டுமே கோர முடியும் என்று அவர் விளக்கிய பிறகு எனக்கு மூச்சு வந்தது. நோட்டீஸ் போன பின் அசல் சான்றிதழ்கள் திரும்பின. ஆறு லட்சம் திரும்பவில்லை. மாநில மருத்துவ மன்றத்தில் விசாரித்தபோது, மருத்துவமனை தானே அச்சடித்துத் தரும் இத்தகைய சான்றிதழைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய இயலாது என்று தெளிவாகச் சொன்னார்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள், அந்த மருத்துவமனையின் பெயர் வாரியத்தின் இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் கருத்தரிப்பு மருத்துவ எஃப்.என்.பி. என்ற தலைப்பின்கீழ் இருக்கிறதா, அங்கீகாரம் எந்த ஆண்டுவரை செல்லும், எத்தனை இடங்கள் என்று பாருங்கள். பல்கலைக்கழகப் படிப்பு என்றால் அப்பல்கலைக்கழகத்தின் அறிவிக்கையில் மையத்தின் பெயர் இருக்க வேண்டும். உண்மையான போட்டிக்கு ஒரு தடம் இருக்கும்: தேர்வு எண், மதிப்பெண் அட்டை, தரவரிசை, ஒதுக்கீட்டுக் கடிதம். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் "செலக்ட் ஆயிட்டீங்க" என்ற அழைப்பு மட்டும் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். முறையான அங்கீகாரம் இல்லாவிட்டாலும் நேர்மையாகச் செயல்முறைப் பயிற்சி தரும் சிறிய மையங்கள் சில உண்டு என்பதையும் மறுக்கவில்லை. அங்கே சேர்வதாயின் முந்தைய அணியினரிடம் பேசி, அவர்களுடைய லாக்புக்கின் மூன்றாவது கட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அசலையும் வெற்றுக் காசோலையையும் எங்கும் கொடுக்க வேண்டாம்.

இந்த ஆண்டுக்கான விளம்பரத்தில் படிப்பின் பெயரை மாற்றி, கட்டணத்தை ஏழரை லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். என் அணியில் இருந்த மேலும் நால்வர் இப்போது அதே வழக்கறிஞரிடம் வந்திருக்கிறார்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறும் வழக்கைச் சேர்ந்தே தொடுக்க ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.