சீஸ் துருவலுக்குக் கப்பா, தராசா? பல வருடம் இரண்டையும் பயன்படுத்திய அனுபவம்

பீட்சா, மாக்கரோனி சீஸ், சீஸ் பிஸ்கட் என்று வீட்டில் அடிக்கடி செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் "2 கப் துருவிய செடார்" என்றுதான் கேட்கும். நம் கடைகளில் சீஸ் கிராம் கணக்கில் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்டீல் கப் செட், டிஜிட்டல் தராசு இரண்டையும் வைத்துப் பல வருடமாகச் சமைக்கிறேன். சீஸுக்குத் தராசுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரிசியை ஆழாக்கில் அளந்தால் என்றைக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். சீஸ் துருவல் அப்படி அடங்கி உட்காராது, இழைகளுக்கு நடுவே காற்று நிற்கும். எவ்வளவு காற்று என்பது துருவியைப் பொறுத்தது. நான்கு பக்கத் துருவியின் பெரிய துளையில் துருவிய செடாரையோ மொசரெல்லாவையோ அழுத்தாமல் நிரப்பினால் 1 கப் சுமார் 113 கிராம், அதாவது 4 அவுன்ஸ். கெட்டியான பார்மசானைச் சிறு துளையில் துருவினால் 1 கப் 100 கிராம் பக்கம் வரும். அதே பார்மசானை மைக்ரோபிளேன் என்னும் மிக நுண்ணிய பற்கள் கொண்ட துருவியில் தேய்த்தால் பொசுபொசுவென்று விழும். கப் நிரம்பியிருக்கும், ஆனால் எடை 30, 40 கிராம்தான். ஒரே சீஸ், ஒரே கப், எடையில் பாதிக்கும் மேல் வித்தியாசம்! வெள்ளை சாஸில் அளவுக்கு மேல் சீஸ் விழுந்தால் உப்புக் கரிக்கும், எண்ணெயும் பிரிந்து வரும்.

கப் செட்டில் 240 மில்லி, 250 மில்லி என இரண்டு வகை விற்கிறார்கள். அது 4 சதவீத வித்தியாசம்தான், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். விரலால் ஓர் அழுத்து அழுத்தினாலே அதைவிட அதிகமாக ஏறிவிடும். வெயில் காலத்தில் இன்னும் மோசம், பிராசஸ்டு சீஸ் துருவும்போதே ஒட்டிக் கட்டியாகும். கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துருவினால் இழை தனித்தனியாக விழும்.

அப்புறம் அவுன்ஸ். 1 கப் என்றால் 8 அவுன்ஸ் என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது தண்ணீர், பால் மாதிரியான திரவங்களுக்கான கணக்கு. குறிப்பில் 8 அவுன்ஸ் செடார் என்று இருந்தால் அது எடை, சுமார் 227 கிராம். துருவினால் 2 கப் வரும்.

தராசில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சீஸ் கட்டியை அப்படியே தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்தி எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். கட்டியை எடுத்துக் கொஞ்சம் துருவிவிட்டு மறுபடி வையுங்கள். திரையில் -60 என்று வந்தால் 60 கிராம் துருவியாகிவிட்டது. தனிக் கிண்ணம் வேண்டாம், துருவலை நேராக வாணலியிலேயே போடலாம். பெரும்பாலான தராசுகள் சும்மா விட்டால் ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அணைந்தால் அந்தக் கணக்கும் போய்விடும். அதனால் தொடங்கும் முன்பே கட்டியின் எடையை ஒரு தாளில் குறித்துக்கொள்கிறேன்.

சூப்பின் மேல் தூவ 1 டேபிள்ஸ்பூன் பார்மசான் போதும் என்றால் தராசை எடுப்பதில்லை. 1 கிராம் துல்லியத்தில் காட்டும் தராசுக்கு 5, 6 கிராம் என்பது மிகச் சின்ன அளவு. அங்கே ஸ்பூனே நல்லது.

தராசு இல்லாதவர்கள் அமுல் சீஸ் க்யூப் வாங்கினால் வேலை எளிது. ஒரு க்யூப் 25 கிராம். பெரிய துளையில் துருவிய 1 கப் சீஸ் வேண்டுமென்றால் நாலரை க்யூப் எடுத்துக்கொள்ளலாம்.