பெல்ட், ஷீட், ராண்டம் ஆர்பிட்டல்: எந்த சாண்டரை வாங்குவது?

கதவு, மேஜை, அலமாரி என்று கலந்து வேலை செய்பவர் ஒரே ஒரு சாண்டர்தான் (மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் மிஷின்) வாங்க முடியும் என்றால், 125 மி.மீ. வட்டத் தாள் போடும் ராண்டம் ஆர்பிட்டலை வாங்குவதே சரி. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், அதனால் இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வழவழப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பராமரிப்பு. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பெல்ட் சாண்டர், அதாவது வளையமாக ஒட்டிய உப்புத்தாள் சுற்றி ஓடும் மிஷின். மரம் தின்பதில் இதற்கு இணை கிடையாது. பலகைகளை ஒட்டிச் சேர்த்த மேஜைத் தட்டில் மேடு பள்ளத்தை எடுக்கவும், பழைய கதவின் தடித்த பெயின்டை உரிக்கவும் இதுதான் வேகம். தாள் மரத்தின் ரேகையோடு நேராக ஓடுவதால் குறுக்குக் கீறலும் விழாது. ஆனால் ஒரே இடத்தில் ஒரு நொடி நின்றாலும் குழி விழும். பிளைவுட்டின் மேல் ஒட்டிய தேக்கு வெனீர் (மெல்லிய மரச்சீவல்) பெரும்பாலும் அரை மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், அதில் பெல்ட்டை வைக்கவே கூடாது. சிறிய 76×457 மி.மீ. பெல்ட் மிஷினே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை வரும். நிற்க வைத்த கதவில் வேலை செய்தால் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். பெல்ட்டின் இரு முனைகளையும் இணைக்கும் ஒட்டு ஈரக் காற்றில் பலமிழக்கும் என்பதால், வாங்கி வைத்து மழைக்காலம் கடந்த பெல்ட் பாதி வேலையில் அறுந்துபோகலாம்.

கால் தாள் ஷீட் சாண்டர் மலிவு. 230×280 மி.மீ. உப்புத்தாளை நான்காகக் கிழித்தால் நான்கு முறைக்கு ஆகும், அந்தத் தாள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். தாளைத் தாங்கும் அடித்தட்டான பேட் சதுரமாக இருப்பதால் அலமாரியின் உள்மூலை வரை போகும், வட்டத் தாளால் அது முடியாது. குறை என்னவென்றால் வேகம் மிகக் குறைவு. எல்லாப் புள்ளியும் ஒரே சிறு வட்டத்தையே திரும்பத் திரும்பப் போடுவதால், ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) பூசியதும் சின்னச் சின்னச் சுழிகள் தெளிவாகத் தெரியும். கிளிப்பில் தாள் தளர்ந்தால் பேட் மட்டும் அதிரும், தாள் அசையாது. தாளை இறுக்கமாக மாட்டுவதுதான் இந்த மிஷினில் பாதி வேலை.

பட்டறைகளில் பலர் 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரில் வெல்க்ரோ பேட் போட்டுத் தேய்க்கிறார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்றை ஒட்டி ஓடும் மிஷின் அது. வளைந்த கால், செதுக்கு வேலை, ஓரம் உருட்டுதல் எல்லாம் அதில் நன்றாக வரும். தட்டையான முகத்தில் பிறை வடிவக் குழிகள் விழும், பாலிஷுக்குப் பின் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அவை அத்தனையும் தெரியும்.

ராண்டம் ஆர்பிட்டலில் பேட் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே 2 முதல் 3 மி.மீ. அகலத்தில் ஆடவும் செய்கிறது. ஒரே கீறல் மேல் அதே கீறல் விழுவதில்லை, அதனால் ரேகையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கதவில் குறுக்குச் சட்டமும் நேர்ச்சட்டமும் சேரும் இடத்தில் இது பெரிய நிம்மதி.

இப்போது பராமரிப்பு. இந்த மிஷினில் தேய்வது மூன்று: பேட்டின் வெல்க்ரோ, பேட் பிரேக் வளையம், கீழ் பேரிங். மூன்றையும் வீட்டிலேயே மாற்றலாம் என்பதே இதன் பலம். அதற்கு அந்த மாடலின் பேட் தனியாகக் கிடைக்க வேண்டும். மிஷினுக்கு விலை பேசும்போதே பேட் விலையையும் கேளுங்கள். பேட் இல்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

வெல்க்ரோ கெடுவது சூட்டினால். அழுத்தித் தேய்த்தால் சூடேறிக் கொக்கிகள் இளகிப் படுத்துவிடும், பிறகு தாள் பறந்து போகும். கையின் எடை மட்டும் போதும். தாளின் ஓட்டைகள் பேட்டின் ஓட்டைகளோடு ஒத்து உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் தூள் உறிஞ்சப்படாமல் அடியிலேயே தங்கிச் சூட்டைக் கூட்டும். 125 மி.மீ. தாளில் பரவலாகக் கிடைப்பது 8 ஓட்டை, அதற்கேற்ற பேட் உள்ள மிஷினையே எடுங்கள். தாள் இல்லாமல் ஒரு நொடிகூட மரத்தில் வைக்காதீர்கள். பேட்டுக்கும் தாளுக்கும் நடுவே ஒட்டும் மெல்லிய வெல்க்ரோ காப்புத் தகடு கிடைத்தால் வாங்குங்கள், தேய்மானம் அதோடு போய்விடும்.

பிரேக் வளையம், பேட் கட்டுப்பாடின்றிச் சுற்றாமல் பிடித்து வைக்கும் ரப்பர் வளையம்தான். ஓடும் மிஷினைக் கவனமாக மேலே தூக்கிப் பாருங்கள். பேட் மெதுவாகச் சுற்றினால் வளையம் நல்லது. விசிலடித்து வேகமெடுத்தால் தேய்ந்துவிட்டது. அந்த வேகத்தோடு மரத்தில் வைத்தால் வட்டக் கீறல் ஆழமாக விழும், 180 நம்பர் தாளால் (நம்பர் கூடக் கூடத் தாள் நைஸ்) அதை எடுக்க முடியாது.

பேரிங்கைக் கெடுப்பது மரத்தூள். சத்தம் கரகரப்பாக மாறினால் கழற்றி, ஓரத்தில் பொறித்துள்ள எண்ணைப் பேரிங் கடையில் காட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதைக் கேளுங்கள். தகரமூடி வகையில் நுண்தூள் எளிதில் புகும். தூள் பையைப் பாதி நிறைந்ததுமே தட்டிவிடுவது பேரிங்குக்கு நல்லது, வேக்குவம் குழாய் மாட்டினால் இன்னும் நல்லது.

தேக்கில் ஒரு தனித் தொல்லை: எண்ணெய்ப் பிசுக்கால் தாள் சீக்கிரம் அடைபடும். மிஷினின் வேகத்தைக் குறைத்து, தாளை அவ்வப்போது கிரேப் ரப்பர் கட்டியால் துடைத்தால் ஆயுள் கூடும். வேகக் கட்டுப்பாடு இல்லாத மாடலில் இதைச் செய்ய வழியில்லை, கொஞ்சம் கூடுதல் பணம் போனாலும் டயல் உள்ளதே மேல்.

தாள் வரிசை 80, 120, 180. ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் கடைசி வரை நிற்கும். ஒவ்வொரு நம்பருக்கு முன்னும் மரத்தில் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிடுங்கள், கிறுக்கல் மறைந்தால் அந்த நம்பர் முடிந்தது. தாள் மாற்றும்போது மரத்தைத் துடைக்காமல் விட்டால், பழைய தாளிலிருந்து உதிர்ந்த ஒரு பெரிய மணலே பன்றிவால் போன்ற சுருட்கீறலைப் போட்டுவிடும். ஸ்டெயின் அடிப்பதாக இருந்தால் 220-க்கு மேல் போக வேண்டாம், அதிகம் வழவழத்த மரம் நிறத்தைச் சரியாகக் குடிக்காது.

பேட்டரி மாடல்களை நாள் முழுக்க ஓட்டிப் பார்த்த பழக்கம் எனக்குக் குறைவு. சாண்டர் நிறுத்தாமல் ஓடும் கருவி, அதனால் பேட்டரி சீக்கிரம் காலியாகும் என்ற அளவோடு சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மின்சாரம் இருக்கும் பட்டறைக்கு வயர் மாடலே போதும்.

எதை வாங்கினாலும் என்95 முகமூடியையும் சேர்த்தே வாங்குங்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் (IARC) மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் பலகையை (மரநாரைப் பசையிட்டு அழுத்திய பலகை) தேய்ப்பவர்களுக்குத் தூள் பை மட்டும் போதாது, வேக்குவமும் வேண்டும்.