பில் பில்லாக அனுப்புவதா, கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் அனுப்புவதா?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு பிரான்சில் உள்ள தாய் நிறுவனம்தான் பெரிய வாடிக்கையாளர், மூலப்பொருள் வருவதும் அங்கிருந்தே. முன்பு ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாகப் பணம் போகும், வரும். இப்போது நெட்டிங்குக்கு, அதாவது வரவேண்டியதையும் கட்டவேண்டியதையும் கழித்து மிச்சத்தை மட்டும் அனுப்பும் முறைக்கு மாறிவிட்டோம், என் ஓட்டும் இதற்குத்தான்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. 4 லட்சம் யூரோ வரவேண்டி, 3 லட்சம் கட்டவேண்டி இருந்தால், பில் பில்லாகப் போகும்போது 7 லட்சத்துக்கும் வங்கி மாற்று விகிதத்தில் தன் பங்கை எடுக்கும், நெட்டிங்கில் 1 லட்சத்துக்கு மட்டும். ஏற்றுமதி வருமானத்தை வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்கும் இஇஎஃப்சி கணக்கில் யூரோவாகவே வைத்துக் கட்டலாமே என்பீர்கள். கட்டலாம், ஆனால் வட்டி கிடையாது, மிச்சத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்க வேண்டும்.

ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிப்பது பேப்பர் வேலை. 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, குழும நிறுவனங்களுக்கு இடையே இப்படிக் கழித்துக்கொள்வதை வங்கிகளே அனுமதிக்கலாம் என்றது. கூடவே நிபந்தனைகளும் வந்தன: எல்லாம் ஒரே வங்கி வழியாக நடக்க வேண்டும், ஏற்றுமதியும் இறக்குமதியும் ஒரே காலண்டர் ஆண்டுக்குள் இருக்க வேண்டும், சரக்குப் பாக்கியைச் சேவைப் பாக்கியோடு கழிக்கக் கூடாது. அதனால் தாய் நிறுவனத்துக்குக் கட்டும் சாஃப்ட்வேர் கட்டணம், நிர்வாகச் சேவைக் கட்டணம் எல்லாம் எங்களுக்கு இன்னும் தனியாகத்தான் போகிறது. அதைவிட முக்கியம், பணம் நிகரமாகப் போனாலும் கணக்கு மொத்தமாகவே காட்டப்பட வேண்டும். ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) ஏற்றுமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ்ஸில், ஒவ்வொரு பில் ஆஃப் என்ட்ரியும் (இறக்குமதிக்கான சுங்க ஆவணம்) இறக்குமதிக்கான ஐடிபிஎம்எஸ்ஸில் தனித்தனியாக முடிய வேண்டும். குழுமத்துக்காக இந்தக் கழித்தல் கணக்கைப் போடும் வெளிநாட்டு மையம் அனுப்பும் மாத ஸ்டேட்மென்ட்டில் இன்வாய்ஸ் எண்ணும் தொகையும் மட்டும் இருந்தால், மீதியைத் தேடிப் பொருத்துவது நம் தலையில்தான் விழும். ஷிப்பிங் பில் எண், தேதி, போர்ட் கோடு மூன்றுக்கும் அதில் இடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மாறவே வேண்டாம், மிச்சமாகும் வங்கிச் செலவை ஆள் சம்பளம் தின்றுவிடும்.

பழைய முறையில் அந்தத் தொல்லை குறைவு, ஒரு பில்லுக்கு ஒரு வரவு. ஆனால் இடைப்பட்ட வங்கி கொஞ்சம் பிடித்துக்கொண்டு அனுப்பினால் அந்தச் சின்னத் தொகைக்காக பில் முடியாமல் தொங்கும். அப்புறம் மாதம் இரண்டு மூன்று பில்தான் என்றாலோ, குழுமத்தின் கிளை இலங்கையிலோ வங்கதேசத்திலோ இருந்தாலோ பழைய முறையே போதும். இவை ஆசிய கிளியரிங் யூனியன் என்ற மத்திய வங்கிகளின் பணத் தீர்வு அமைப்பில் உள்ளவை, அந்த நாடுகளின் பாக்கியை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவர முடியாது.

நான் பார்த்தது தாய் நிறுவனத்தோடு நேருக்கு நேர் கழிப்பது மட்டும். பல நாட்டுக் கிளைகள் ஒரே மையத்தில் சேரும் ஏற்பாடு என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் அந்த ஸ்டேட்மென்ட்டின் மாதிரியைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.