நிக்கான் மோனார்க் எம்5 8×42: அரிச்சல்முனையிலும் நுவரெலியாவிலும் பார்த்த வரை

பைனாகுலர் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெரிசா காட்டும்?" என்றுதான். நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் பறவை பார்ப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் நின்று பத்து மடங்கு பைனாகுலரில் ஆலா என்ற கடற்பறவை ஒன்றைப் பிடிக்கப் பாருங்கள், கை ஆடுகிற ஆட்டத்தில் அது கறுப்பு அலகா மஞ்சள் அலகா என்று தெரிவதற்குள் போய்விடும். எட்டு மடங்கு போதும். அதைவிட முக்கியமாக இரண்டு விஷயம் இருக்கிறது: நிறத்தை உள்ளபடி காட்டுகிறதா, பக்கத்தில் வந்து உட்காரும் சின்னப் பறவையையும் தெளிவாகப் பார்க்க விடுகிறதா. இந்த இரண்டுக்காகத்தான் மோனார்க் எம்5 வாங்கச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்க் கதை. கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும் காலத்தில் விடியும் முன்பே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் கானல் எழும்பி எந்தக் கண்ணாடியாலும் ஒன்றும் செய்ய முடியாது. 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி என்பதால் அந்த மங்கல் வெளிச்சத்திலும் இறக்கையின் இளஞ்சிவப்பு தெரிகிறது. எடை 630 கிராம், காலை முழுக்கக் கழுத்தில் தொங்கினால் உறுத்தும், தோளில் குறுக்காக மாட்டும் வார் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியிருப்பதால் ஈரம் புகாது. உப்புக் காற்றில் இது பெரிய நிம்மதி, ஏனென்றால் இதற்கு முன் என்னிடம் இருந்த மலிவு பைனாகுலருக்குள் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை படர்ந்து, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு நிரந்தரமாக நின்றுவிட்டது.

ஆனால் இது எவ்வளவு நல்ல கண்ணாடி என்று எனக்குப் புரிந்தது கடலுக்கு அந்தப் பக்கம். எங்கள் சித்தி வழிச் சொந்தம் நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. தோட்ட வேலைக்கு இலங்கை போகிறவர்களைத் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் முகாம் வழியாகப் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள். அங்கே போனால் இலங்கை வெள்ளைக்கண்ணியைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உலகத்திலேயே இலங்கைத் தீவில் மட்டும் வாழும் பறவை அது, அதிலும் பெரும்பாலும் மலைநாட்டில்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான், ஆனாலும் இந்தப் பக்கம் ஒரு குஞ்சு கிடையாது.

சிக்கல் என்னவென்றால், நம் கொடைக்கானலில் கூட்டமாகத் திரிகிறதே இந்திய வெள்ளைக்கண்ணி, அதுவும் இலங்கையில் இருக்கிறது. இரண்டுக்கும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மஞ்சள் தொண்டை, சாம்பல் கலந்த வெளுத்த வயிறு. இரண்டுமே உள்ளங்கையில் அடங்கும் அளவு. இலங்கைக்காரருக்கு நீளம் சுமார் 11 சென்டிமீட்டர், இந்தியப் பறவையைவிடக் கொஞ்சம் பெரிது. உண்மையில் பிரித்துக் காட்டுவது முதுகுதான். இந்தியப் பறவைக்கு மஞ்சள் தூக்கலான பளிச்சென்ற பச்சை, இலங்கைப் பறவைக்கு ஈரப் பாசி மாதிரி மங்கிய கரும்பச்சை. பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் மரபணு ஆய்வில் இரண்டும் நெருங்கிய உறவே இல்லை என்று தெரிந்திருக்கிறது. அறிவியல் உலகுக்கு ஹோல்ட்ஸ்வர்த் இதைத் தனி இனமாக விவரித்தது 1872இல்.

ஹக்கல தாவரவியல் பூங்காவில் பனிமூட்டம் இறங்கிய காலையில் ஒரு கூட்டம் வந்தது. மெல்லிய கீச்சொலி முதலில், அப்புறம் பூத்திருந்த ஒரு செடி முழுக்க அசைவு. ஒன்று தலைகீழாகத் தொங்கிப் பூவுக்குள் அலகை விட்டது, மூன்று மீட்டர் தூரம்கூட இருக்காது. எம்5 இரண்டரை மீட்டரிலேயே துல்லியமாகிவிடும் என்பதால் பின்னால் நகர வேண்டியிருக்கவில்லை. கண்வளையம் முன்பக்கம் கறுப்பில் அறுந்து நிற்பது, நெற்றியில் ஒட்டியிருந்த மகரந்தத் தூள், எல்லாம் தெரிந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்திலும் முதுகின் பச்சை சரியாகவே வந்தது. இதில் இருப்பது இ.டி. கண்ணாடி, பொருளின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசிவதைக் குறைப்பது. மலிவுக் கண்ணாடியில் எல்லாப் பச்சையும் கொஞ்சம் மஞ்சளடித்துவிடும், அப்புறம் எது எந்த வெள்ளைக்கண்ணி என்று சண்டைதான் போடலாம். சித்தி பேரன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம லயத்துக்குப் பின்னாலயே தினம் வருதே" என்றான், லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அவனுக்குத்தான் யோகம்.

குறை ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பார்வைப் பரப்பு 6.4 பாகைதான். இதே விலை வரம்பில் எட்டுப் பாகை காட்டும் பைனாகுலர்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் நிற்கும் பூநாரைக்கோ உள்ளானுக்கோ இது பிரச்சினை இல்லை, வெள்ளைக்கண்ணிக் கூட்டம் கிளைக்குக் கிளை தாவும்போது பறவை வட்டத்தை விட்டுத் தப்பிக்கொண்டே இருக்கும். வீட்டு முருங்கை பூக்கும்போது தேன்சிட்டைத் துரத்திப் பழகுங்கள், கை வேகம் வந்துவிடும்.

விலை இருபதாயிரத்தைத் தாண்டும். வாங்கும்போது கடைக்கு வெளியே எடுத்துப் போய்த் தூரத்து மின்கம்பியைப் பாருங்கள், ஓரத்தில் நிறம் வழிகிறதா என்று உடனே தெரியும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கண்பக்க வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடி மணல் ஒட்டியிருந்தால் சட்டை நுனியால் துடைக்கவே துடைக்காதீர்கள், முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு நல்ல தண்ணீர் தொட்ட மெல்லிய துணி. ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அந்த அரை போனது பார்வைப் பரப்புக்கு.