மாஸ்டர்ஸா, அகாடமியா? தோட்டப்புற டவுனில் இருந்துகொண்டு குடும்ப மருத்துவம் படிப்பது

ஹவுஸ்மன்ஷிப் என்ற ஆரம்பப் பயிற்சியை முடித்துவிட்டு அரசாங்க கிளினிக்குக்கு வரும் தம்பி தங்கைகள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி இது: குடும்ப மருத்துவ நிபுணர் (எஃப்.எம்.எஸ்.) ஆவதற்குப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் படிப்பதா, குடும்ப மருத்துவர் அகாடமி வழியில் போவதா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அகாடமி வழியில் போனேன், பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு அதையே சொல்வேன். மாஸ்டர்ஸ் மோசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரிரு விஷயங்களில் அது அகாடமியைவிட நன்றாகவே இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

மலேசியாவில் எஃப்.எம்.எஸ். ஆக மூன்று பாதைகள். ஒன்று பல்கலைக்கழகம்: மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.பி.எம்., கிளந்தானில் யூ.எஸ்.எம்., குவாந்தானில் ஐ.ஐ.யூ.எம். என்று பட்டியல் போகும் (யூ.ஐ.டி.எம்.மும் நடத்துகிறது, அங்கே பூமிபுத்ரா அல்லாத நமக்கு இடமில்லை என்பது ஊரறிந்த கதை). இரண்டாவது மலேசியக் குடும்ப மருத்துவர் அகாடமி: இரண்டு வருடம் ஜி.சி.எஃப்.எம். என்ற சான்றிதழ்ப் படிப்பு, இரண்டு வருடம் மேல்நிலைப் பயிற்சி, அப்புறம் ஆஸ்திரேலியாவின் பொது மருத்துவர் கல்லூரியான ஆர்.ஏ.சி.ஜி.பி.யோடு சேர்ந்து நடத்தும் கான்ஜாயின்ட் தேர்வு. மூன்றாவது பினாங்கில் ஆர்.சி.எஸ்.ஐ., யூ.சி.டி. மருத்துவக் கல்லூரி வளாகம் அயர்லாந்து ஜி.பி. (பொது மருத்துவர்) கல்லூரியோடு சேர்ந்து நடத்தும் மின்ட்எஃப்எம். மூன்றுமே நான்கு வருடக் கணக்குதான், அதனால் எது சீக்கிரம் முடியும் என்ற கேள்விக்கே இடமில்லை.

பணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர்ஸ் படிக்க அரசாங்கம் தரும் எச்.எல்.பி. உதவி கிடைத்தால் முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை, கட்டணத்தையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும், பதிலுக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு முடித்ததும் அனுப்புகிற ஊருக்குப் போக வேண்டும், அது கடல் தாண்டிய சபாவாகவும் இருக்கலாம். அகாடமிக்குக் கட்டணம் நம் பாக்கெட்டில் இருந்து போகும், ஆனால் வேலையை விட வேண்டியதில்லை. வார இறுதியில் லோக்கம் (வேறு கிளினிக்கில் தற்காலிக வேலை) பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். பயிற்சிப் பட்டறைகளும் அதே வார இறுதியில்தான் வரும் என்பது சேர்ந்த பிறகுதான் உறைக்கும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டு. பல்கலைக்கழகப் பட்டம் என்றால் பட்டம், இது ஏதோ தபால்வழிப் படிப்பு மாதிரி இருக்கிறதே, நாளைக்கு அங்கீகாரம் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்பார்கள். 2024இல் மருத்துவச் சட்டத்தைத் திருத்தியபோது பேப்பரில் வந்த சண்டையைப் படித்துவிட்டு என் மாமாவும் இதைத்தான் கேட்டார். அந்தச் சண்டை பெரும்பாலும் இதய அறுவைச் சிகிச்சைப் பயிற்சி பற்றியது. குடும்ப மருத்துவத்தில் கான்ஜாயின்ட் தேர்வு 1982 முதல் நடக்கிறது, அப்படித் தேறியவர்கள் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறார்கள், சுகாதார அமைச்சு கிளினிக்குகளில் எஃப்.எம்.எஸ். ஆகவும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தேர்வில் கிடைக்கும் எஃப்.ஆர்.ஏ.சி.ஜி.பி. பட்டம் கையில் இருந்தால் நேரே ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துவிடலாம் என்று சொல்லுகிறவர்களையும் நம்ப வேண்டாம். பட்டம் வேறு, அங்கே போய்ப் பதிவு செய்துகொள்வது வேறு.

சரி, நான் எதை வைத்து முடிவெடுத்தேன் என்பதற்கு வருகிறேன். நான்கு வருடமும் ஒரே கிளினிக்கில், ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா என்ற ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

மாஸ்டர்ஸில் பொது மருத்துவம், குழந்தைகள், பிரசவம், மனநலம், எலும்பு, அவசரப் பிரிவு என்று பிரிவு பிரிவாகச் சுற்றுவீர்கள். நடுவில் கிளினிக்கிலும் போடுவார்கள், ஆனால் ஒரு நோயாளியின் மருந்தை மாற்றிவிட்டு அந்த மாற்றம் என்ன செய்தது என்று பார்ப்பதற்குள் அடுத்த பிரிவுக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரிப் படிப்புக்கு அது சரி. இனிப்பு நீருக்கும் (நீரிழிவு) இரத்த அழுத்தத்துக்கும் சரிப்படாது, ஏனென்றால் அவை வருடக் கணக்கில் நடக்கிற வியாதிகள், டாக்டர் செய்த தவறும் வருடம் கழித்துத்தான் தெரியவரும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை, ஒரு லயத்தில் எத்தனை வீட்டு ஐஸ் பெட்டியில் இன்சுலின் இருக்கிறது என்று நமக்கே தெரியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், இப்படி ஒருவர் எல்லா கிளினிக்கிலும் இருப்பார். பால் மரம் (ரப்பர்) வெட்டி ஓய்வு பெற்ற அம்மா, மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பதினொன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை, ஊசி என்றாலே எழுந்து போய்விடுவார். புதிதாக வரும் ஒவ்வொரு டாக்டரும் கார்டைப் பார்த்துவிட்டு இன்சுலின் போடுங்கள் என்கிறார், அவர் வேண்டாம் என்கிறார், நோயாளி மறுத்தார் என்று எழுதிவிட்டு டாக்டர் அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறார். மூன்று மாதம் கழித்து வேறு டாக்டர், அதே பேச்சு. ஒரே ஆள் தொடர்ந்து பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்: அவர் வீட்டுக்காரருக்கு ஊசி ஆரம்பித்த அதே வருடம் ஒரு காலை வெட்டி எடுத்திருக்கிறார்கள், ஊசிதான் காலை வாங்கியது என்று அந்த அம்மா மனதில் முடிவாகிவிட்டது. இதை முதல் தடவை வந்தபோதே சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்தா? நம்மை நாலைந்து தடவை பார்த்து, நீ எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று விசாரித்து, அப்பா பெயரைக் கேட்டு, அப்புறம்தான் சொல்வார். அதன் பிறகு மருமகளை அழைத்து வரச் சொல்லி, இரவில் ஒரே ஒரு ஊசியில் ஆரம்பித்து, மெதுவாகத்தான் எண்ணிக்கையைக் கூட்ட முடியும். சுற்றிக்கொண்டே படிக்கிறவருக்கு இந்தக் கதையின் ஒரு துண்டு மட்டும்தான் கிடைக்கும்.

விரதமும் அப்படித்தான். ரமலான் நோன்பில் இனிப்பு நீர் மருந்தை எப்படி மாற்றுவது என்பதற்கு இந்த நாட்டில் நல்ல வழிகாட்டி இருக்கிறது. சஷ்டி விரதத்துக்கும் தைப்பூச விரதத்துக்கும் நீங்கள்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சஷ்டியில் காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்ளசைடு மாத்திரையைப் போட்டுவிட்டு மாலை வரை சாப்பிடாமல் இருந்தால் மயக்கம் வரும். தைப்பூச விரதத்தில் நடப்பது நேர்மாறு, கறி மீனை விட்டுவிட்டுச் சோறும் வாழைப்பழமும் பாலும் சர்க்கரைப் பொங்கலும் என்று போவதால் இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிடுகிறது. ஒரே கிளினிக்கில் ஒரு தைப்பூசத்தில் இதைக் கவனித்தால் அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே பேசி வைக்கலாம், அது அந்த இடத்திலேயே இருப்பவருக்குத்தான் வாய்க்கும்.

தோட்ட வேலை தரும் வியாதிகளுக்கும் இதே கதைதான். செம்பனை முள் குத்தி விரல் மூட்டு வாரக்கணக்கில் வீங்கியபடி வருபவர், எலிக்காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு கிடந்தவர், இவர்களை எல்லாம் ஈப்போ ஆஸ்பத்திரி வார்டில் கடைசிக் கட்டத்தில் பார்க்கலாம், கிளினிக்கில் முதல் நாள் பார்க்கலாம். முதல் நாளில் கண்டுபிடிப்பதுதான் நம் தொழில். முன்பெல்லாம் தோட்டத்து டிரஸர் (மருத்துவ உதவியாளர்) செய்த வேலை இது. மருந்துக் கலவையைக் கலக்கிக் கொடுத்துவிட்டு யார் வீட்டில் குடி அதிகம், யார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதுவரை அவருக்குத் தெரியும். அவருக்குக் குடும்ப மருத்துவ நிபுணர் என்று யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். ஒரே இடத்தில் இருப்பதற்கு விலை உண்டு. மாஸ்டர்ஸில் உங்கள் நேரம் படிப்புக்கு என்று ஒதுக்கிய நேரம். அகாடமியில் வரிசை முழுவதையும் பார்த்து முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு அப்புறம் மாட்யூலைத் திறக்க வேண்டும். குழந்தைகள் பிரிவு, மனநலம் இரண்டிலும் மாஸ்டர்ஸ் முடித்தவர்களின் கை என் கையைவிட நன்றாக ஓடுகிறது, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கிளினிக்குக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சளியும் தடுப்பூசியும்தான், மோசமான குழந்தையை அடிக்கடி பார்த்தால்தானே கண் பழகும். ஆஸ்பத்திரிப் பிரிவுகளில் போய் உட்கார நாமே பேசி ஏற்பாடு செய்துகொள்ளலாம், அதற்கு விடுமுறையும் நல்ல மேலதிகாரியும் வேண்டும். ஆய்வு செய்ய வேண்டும், விரிவுரையாளராக வேண்டும் என்ற ஆசை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மெட்எக்ஸ் நுழைவுத் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுங்கள்.

அகாடமியின் கான்ஜாயின்ட் தேர்வில் இன்னொரு சிக்கல். ஏ.கே.டி., கே.எஃப்.பி. இரண்டும் எழுத்துத் தேர்வுகள், படித்துச் சமாளிக்கலாம். நோயாளியோடு பேசிக் காட்டும் தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். நாள் முழுக்க மலாயிலும் தமிழிலும் பேசிவிட்டு, துக்கச் செய்தி சொல்வது எப்படி, குடியை நிறுத்தச் சொல்வது எப்படி என்று ஆங்கிலத்தில் செய்து காட்டும்போது நாக்கு தடுமாறுகிறது. தலைநகர் கிளினிக்கில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நாங்கள் சில பேர் சேர்ந்து இரவில் வாட்சாப் வீடியோவில் ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர் என்று நடித்துப் பழகினோம். என் மனைவிக்கு இது இன்றுவரை பெரிய சிரிப்பு.

பினாங்கு வழியைப் பற்றி என் தோழி ஒருத்தி சொல்லக் கேட்டதுதான் என்னிடம் இருக்கிறது. பாடமும் அட்டவணையும் அகாடமியைவிட ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்கிறாள், வேலையை விடாமலே படிக்கிறாள், பேராக் வடக்கில் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூரைவிட பினாங்கு பக்கம். கட்டணத்தைக் கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். கையில் பணம் இருந்து, தானாக அட்டவணை போட்டுப் படிக்க வராது என்று தெரிந்தவர்கள் அதைப் பார்க்கலாம்.

ஒப்பந்த டாக்டர்களுக்குத் தனியாக ஒன்று. 2016 டிசம்பருக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு நிரந்தரப் பதவி இல்லாததால் எச்.எல்.பி. நெடுங்காலம் எட்டாமல் இருந்தது. பலர் அகாடமிக்கு வந்ததே அதனால்தான். 2021 ஜூலை 26இல் ஒப்பந்த டாக்டர்கள் நடத்திய ஹர்த்தாலுக்குப் பிறகு நிலைமை மாறி, ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் நிபுணத்துவப் படிப்புக்கு வழி திறந்தார்கள். அதனால் வேறு வழியில்லை என்று அகாடமிக்கு வர வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை, பிடித்து வந்தால் வாருங்கள்.

நான் இவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்த அந்த ஒரே கிளினிக் என்ற விஷயமும் உறுதி கிடையாது. நிரந்தரப் பதவி வந்தால் வேறு மாநிலத்துக்குப் போடலாம், நிரந்தரத்தில் இருப்பவரையும் மாற்றலாம், பாதிப் படிப்பில் மாற்றல் கடிதம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், முறையீடு செய்து தப்பியவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது நடக்கவில்லை என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க முடியாது.

கட்டணம் கட்டுவதற்கு முன் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: உங்கள் கிளினிக்கில் எஃப்.எம்.எஸ். நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறாரா, அல்லது வாரம் ஒரு நாள் வந்து போகிறாரா? நீங்கள் நோயாளியோடு பேசுவதை ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவர் சொல்ல வந்ததை நீ பாதியில் வெட்டிவிட்டாய் என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும். அவர் வாரம் ஒரு நாள் வந்து போகிறவர் என்றால், நோயாளிகள் அதே முகங்களாக இருந்தாலும் நீங்கள் செய்யும் தவறும் வருடக்கணக்கில் அதே தவறாகவே இருந்துவிடும். அந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு மாஸ்டர்ஸுக்கு.