மாடித் தொட்டியா, அழுத்தத் தொட்டியா? போர்வெல் வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

மேல்மாடிக் குளியலறையின் ஷவரில் தண்ணீர் நூலாக ஒழுகுவதைப் பார்த்துச் சலித்தவர்கள், மாடித் தொட்டியை எடுத்துவிட்டு போர்வெல் மோட்டாரை நேராக, அடைத்த காற்றின் அழுத்தத்தால் தண்ணீரைத் தள்ளும் மூடிய அழுத்தத் தொட்டியில் இணைத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். அமெரிக்காவின் ஊர்ப்புறங்களில் கிணறு உள்ள வீடுகள் பெரும்பாலும் அப்படித்தான் இயங்குகின்றன. தமிழ்நாட்டிலோ இந்த முடிவை ஷவரை வைத்து எடுக்கக் கூடாது; போர்வெல்லின் நீர்வரத்தையும் மின்சாரத்தையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 14 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) அழுத்தம் தரும் என்பதால், தொட்டியின் அடிப்பகுதி ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் அங்கே கிடைப்பது 4 பிஎஸ்ஐ அளவுதான். கீழ்த்தளக் குழாயில் அது 8 பிஎஸ்ஐ ஆகலாம். அழுத்தத் தொட்டியில் சுவிட்ச் வழக்கமாக 30 பிஎஸ்ஐயில் மோட்டாரை ஓடவிட்டு, 50 பிஎஸ்ஐயில் நிறுத்தும்.

சேமிப்பு என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. 100 லிட்டர் அழுத்தத் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் இருப்பதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் பையில் நீர் ஏற ஏற, வெளியே அடைபட்ட காற்று இறுகுகிறது; 50 பிஎஸ்ஐயிலிருந்து 30 பிஎஸ்ஐக்கு இறங்குவதற்குள் அது வெளித்தள்ளுவது சுமார் 30 லிட்டர், அதாவது இரண்டு வாளி. மின்சாரம் போனால் அதோடு சரி. 1000 லிட்டர் மாடித் தொட்டி உள்ள வீட்டார் அன்றைய மின்வெட்டைக் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அப்படியானால் அந்த 30 லிட்டர் எதற்கு? மோட்டாருக்கு ஓய்வு தருவதற்கு. நீர்மூழ்கி மோட்டார் ஒருமுறை ஓடத் தொடங்கினால் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நிமிடத்துக்கு 30 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு, 100 லிட்டர் தொட்டி இருந்தால்தான் அந்த ஒரு நிமிடம் கிடைக்கும். விலை குறைவு என்று 24 லிட்டர் தொட்டியைப் பொருத்தினால் அதன் கையிருப்பு ஏழு லிட்டர்தான்; ஒரு வாளி நிரம்புவதற்குள் மோட்டார் ஒருமுறையாவது ஓடி நின்றுவிடும். ஸ்டார்டரும் கெபாசிட்டரும் தேய்ந்து, கடைசியில் மோட்டாரின் கம்பிச்சுருள் புகைந்தால், 300 அடி ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்கும் கூலி, தொட்டியில் மிச்சம்பிடித்த பணத்தை விழுங்கிவிடும்.

நீர்வரத்து குறைந்த போர்வெல்லுக்கு நேரடி இணைப்பு ஒத்துவராது. தண்ணீர் விட்டுவிட்டு ஊறும் பாறைப் பகுதிகளில், 50 பிஎஸ்ஐயை எட்ட முடியாத மோட்டார் நிற்காமல், தண்ணீரின்றி வறட்டு ஓட்டம் ஓடும். கோவை, திருப்பூர் பக்கம் கம்ப்ரசர் வைத்து இறைக்கும் போர்வெல்களில் காற்றும் நீரும் கலந்து பீய்ச்சி வருவதால், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

என் கணிப்பில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது மூன்றாவது வழி: மாடித் தொட்டி அப்படியே இருக்கட்டும்; அதன் கீழே ஒரு சிறிய பிரஷர் பம்பையும் 24 லிட்டர் தொட்டியையும் வைத்து, மேல்மாடிக் குழாய்களுக்கு மட்டும் இணைப்புக் கொடுக்கலாம். இங்கே சிறிய தொட்டி பெரிய குற்றமில்லை, ஏனெனில் பம்பு பழுதானால் கையில் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்யலாம். மின்சாரம் இல்லாதபோது தண்ணீர் தானாக இறங்க, பம்பைச் சுற்றி நான்-ரிட்டர்ன் வால்வுடன் (நீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) ஒரு மாற்றுக் குழாய் வேண்டும். பிளம்பர்கள் இதை விட்டுவிடுவதுண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

எந்த வழியானாலும், அழுத்தத் தொட்டியைப் பொருத்தும்போது பிரஷர் சுவிட்சும் அழுத்தம் காட்டும் கேஜும் தொட்டிக்கு அருகிலேயே அமைய வேண்டும். தள்ளி வைத்தால் சுவிட்ச் படபடவென்று அடித்துக்கொள்ளும். காலிசெய்ய ஒரு வடிகால் குழாயும் மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அவசியம். 8 பிஎஸ்ஐயில் ஒழுகாமல் இருந்த பழைய சுவர்க் குழாய் இணைப்பு 50 பிஎஸ்ஐயில் விட்டுப்போகலாம் என்பதையும், கீசரில் குறிக்கப்பட்டுள்ள அழுத்த வரம்பையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

பராமரிப்பில் மாடித் தொட்டி கேட்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுதலும், டெங்கு கொசு முட்டையிடாதபடி இறுக்கமான மூடியும்தான். அழுத்தத் தொட்டியில் பார்க்க வேண்டியது காற்று. மோட்டாரை அணைத்து, நீரை முழுவதும் வடித்த பிறகே டயர் கேஜால் அளக்க வேண்டும். நீர் இருக்கும்போது அளந்தால் நீரின் அழுத்தத்தையே அது காட்டும். மோட்டார் ஓடத் தொடங்கும் அளவைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக, அதாவது 28 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். குறைந்தால் டயருக்கு அடிக்கும் பம்பே போதும். காற்று வால்வின் ஊசியை அழுத்தும்போது தண்ணீர் பீய்ச்சினால் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று பொருள். பல தொட்டிகளில் அடித்தட்டின் போல்ட்டுகளைக் கழற்றிப் பையை மட்டும் மாற்றலாம். உப்புநீர்ப் பகுதிகளில் பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய துளை உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், 50 பிஎஸ்ஐயைத் தாண்டியும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், கேஜைப் பார்க்கும்போதே அந்தத் துளையையும் சுத்தம்செய்ய வேண்டும்.